படு மோசமான டிரைவர்

மியனகந்த தோட்டத்து மேற்பிரிவில் எதற்கும் முதலில் கையைத் தூக்குகிறவள் சர்மிளா. பிள்ளைக் காம்பராவில் பகல் முழுக்கக் கைக்குழந்தைகளை அதட்டி, சோறூட்டி, உறங்க வைத்துப் பழகியவள். அதே குரலில்தான் பெரியவர்களையும் அதட்டுவாள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுப் போக வேண்டும் என்பதால், அவளிடம் முறைத்துக்கொள்ள யாருக்கும் வசதியில்லை. எல்லோருக்கும் அவள் டீச்சர். பஸ் டிரைவர் ராஜதுரையை ஊரே சேர்ந்து புகழ வேண்டும் என்று முடிவெடுத்தவளும் அவள்தான். பிறகு ஊரே சேர்ந்து அவரைத் திட்ட வேண்டும் என்று முடிவெடுத்தவளும் அவள்தான்.

தொடங்கியது பஸ்ஸுக்குள். தெரணியகலைக்கு இறங்கும் காலை பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு நாள் புதிதாக அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது. சிங்களத்தில் இருந்ததை கொண்டக்டர் அப்லால் உரத்த குரலில் தமிழில் சொன்னான். மாகாணத்தில் நல்ல சேவை செய்யும் பஸ் ஊழியர்களைத் தெரிந்தெடுத்து விருது கொடுக்கப் போகிறார்களாம். பயணிகள் இந்த போன் இலக்கத்துக்குப் பேசி அபிப்பிராயம் சொல்லலாமாம்.

"நம்ம ராஜதுரை அண்ணனுக்கு யாராச்சும் ஒரு கோல் எடுங்கப்பா," என்று சிரித்தான்.

"பேசாம டிக்கட்டப் போடுடா," என்றார் ராஜதுரை, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதெல்லாம் பெரிய ரோட்டுல ஓடுறவங்களுக்கு. இந்தக் காட்டுக்குள்ள ஓடுறவன யாருக்குத் தெரியும்?"

அந்தப் பேச்சு சர்மிளாவுக்குச் சுருக்கென்றது. யாருக்குத் தெரியுமாமே! அப்படியென்றால் இத்தனை வருஷமாக ஏறி இறங்குகிற நாங்கள் யார்?

ராஜதுரை வருவதற்கு முன்னால் அந்த ரோட்டில் ஓடுவது என்றால் டிரைவர்களுக்குத் தண்டனை மாதிரி. முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவார்கள். கீழே தேயிலை ஸ்டோர் வரைக்கும் வந்து அங்கேயே பஸ்ஸைத் திருப்பிவிடுவார்கள். அதற்கு மேலே மேற்பிரிவு ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிடுவார்கள். ஸ்டோரிலிருந்து இறப்பர் காட்டுக்குள்ளே நடந்துதான் ஏற வேண்டும். மழை நாளில் கணுக்கால் வரை அட்டை ஏறும். பொழுது சாய்ந்தால் பெண்பிள்ளைகளைத் தனியே விட முடியாது. சர்மிளா ஓ.எல். பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அந்த நடைதான் காரணம். படிப்பு ஏறாமல் நின்றவள் இல்லை, பஸ் ஏறாமல் நின்றவள். அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

ராஜதுரை வந்த முதல் நாள் ஸ்டோர் வாசலில் நிறுத்தி, "இதுக்கு மேல ஆளுங்க இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறோம் என்றார்கள். அவ்வளவுதான், கியரைப் போட்டு ஏறிவிட்டார். மேலே போன பிறகுதான் பஸ்ஸைத் திருப்ப இடமே இல்லை என்று தெரிந்தது. அந்த வளைவு நெளிவெல்லாம் பின்னாலேயே இறக்கிக்கொண்டு ஸ்டோர் வரைக்கும் வந்தார். பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மறுநாளும் வந்தார், மறுநாளும் பின்னாலேயே இறங்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமை மேற்பிரிவே மண்வெட்டியும் அலவாங்குமாகத் திரண்டு, கோயிலுக்குப் பக்கத்து மண்மேட்டை வெட்டிச் சரித்து, ஒரு பஸ் திரும்பும் அளவுக்கு இடம் செய்துவிட்டது. தோட்டத்துத் தொரையிடம் அனுமதி கேட்கவில்லை. அவரும் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். அந்த இடத்துக்கு டிரைவர் மூலை என்றே பெயராகிவிட்டது.

இப்போது சர்மிளாவின் மகள் சுஜீதா தெரணியகலையில் ஏ.எல். உயர்தர வகுப்பில் படிக்கிறாள். காலையில் கீழே பாலத்தடியில் வரும்போதே ராஜதுரை ஹோர்ன் அடிப்பார், அதைக் கேட்டுத்தான் சுஜீதா தலையைப் பின்னவே உட்காருவாள். அவள் ஓடி வரும் வரைக்கும் பஸ் நிற்கும். ஒரு நாளும் அவளை விட்டுவிட்டுப் போனதில்லை.

ஆகவே சர்மிளா லயம் லயமாகப் போனாள். போன் வைத்திருக்கிற எல்லோரும் பேச வேண்டும், போன் இல்லாதவர்கள் அவள் போனில் பேச வேண்டும். மாதர் சங்கத் தலைவி பஞ்சவர்ணம் பாதி சிங்களமும் பாதி தமிழுமாகப் பேசி, போனை வைத்த பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். லூர்தம்மா தினமும் செபமாலையில் ராஜதுரைக்காக ஒரு மணி உருட்டுவதாகச் சொன்னாள். கட்டாரில் வேலை செய்யும் அவள் மகன் ஜூட்கூட அங்கிருந்து பேசினான். அவன் ராஜதுரையின் பஸ்ஸில் ஏறி மூன்று வருஷம் ஆகிறது, இருந்தாலும் பேசினான்.

"இம்புட்டுப் புகழாதீங்கடி," என்று பஞ்சவர்ணம் மட்டும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினாள். "கண்ணு பட்டுறப் போவுது."

"யாரு கண்ணுக்கா படப் போவுது?" என்று அவள் வாயை அடைத்தாள் சர்மிளா.

பட்டது டிப்போவின் கண். ஒரு திங்கட்கிழமை காலை அப்லால் மிதிபலகையில் நின்றுகொண்டே கத்தினான். "மாகாணத்துலயே நம்ம அண்ணனுக்குத்தான் சிறந்த டிரைவர் விருது! ரத்தினபுரியில மேடையேத்தி குடுக்கப் போறாங்க!"

பஸ்ஸே குலுங்கும்படி கைதட்டினார்கள். சுஜீதாவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் விசில் அடித்தார்கள். பஞ்சவர்ணம் முன்னால் போய் ராஜதுரையின் தலையைச் சுற்றி நெட்டி முறித்தாள்.

"அது மட்டுமில்ல," என்றான் அப்லால். "கொழும்புக்கு ஓடுற புது பஸ்ஸும் அண்ணனுக்குத்தானாம். வாற மாசத்துலருந்து."

கை தட்டியவர்கள் தட்டின கையோடு நின்றார்கள்.

"அப்ப நம்ம பஸ்ஸ யாரு ஓட்டுறது?" என்றாள் பஞ்சவர்ணம்.

"யாராச்சும் வருவாங்க," என்றான் அப்லால், குரல் இறங்கி.

அந்த யாராச்சும் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்டோர் வரைக்கும் வந்து திரும்புகிற யாராச்சும். ராஜதுரை கண்ணாடியில் ஒரு தடவை பின்னால் பார்த்தார். "பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு கியரை மாற்றினார். சர்மிளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகளுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு மிச்சமிருந்தது. தன் வாயாலேயே தன் மகளின் பஸ்ஸை அனுப்பி வைத்துவிட்டாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன், கண்ணு படும்னு," என்றாள் பஞ்சவர்ணம், அன்று பிள்ளைக் காம்பரா வாசலில்.

"புகழ்ந்துதானேக்கா போகுது? அப்ப திட்டி நிப்பாட்டுவோம்," என்றாள் சர்மிளா.

யோசனை அவ்வளவுதான். நேரே டிப்போவுக்குப் போவது, இந்த மனுஷன் மோசம், இவரைக் கொழும்புக்கு அனுப்பினால் பெரிய இடத்தில் டிப்போவின் மானம் போகும், இங்கேயே கிடக்கட்டும் என்று முறையிடுவது. பஞ்சவர்ணத்துக்கு யோசனை பிடித்துவிட்டது. லூர்தம்மாதான் தயங்கினாள்.

"பொய் சொன்னா பாவத்த ஒத்துக்கிட்டு பாவசங்கீர்த்தனம் பண்ணணுமே டீச்சர். பாதர் அடுத்த மாசந்தான் வாறாரு. அதுக்குள்ள எனக்கு என்னமாச்சும் ஆயிட்டா?"

"அப்ப நீங்க உண்மையான குத்தமா ஒண்ணு தேடிப் பிடிங்க," என்று முடித்துவிட்டாள் சர்மிளா.

அந்த வாரம் முழுவதும் மேற்பிரிவு ராஜதுரையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபமில்லை, கூச்சம். முகத்தைப் பார்த்தால் விஷயம் வெளியே கொட்டிவிடும் என்ற பயம். வழக்கமாக இன்ஜின் மூடியைச் சுற்றி நின்று கதை அளக்கிறவர்கள் எல்லாம் பின் சீட்டுக்குப் போய்க் குனிந்துகொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு மூன்று பேரும் கிளம்பினார்கள். இதில் ஒரு சங்கடம் இருந்தது. டிப்போவுக்குப் போக அவர்களுக்கு இருந்த ஒரே பஸ் ராஜதுரையின் பஸ். அது மத்தியானம் டீசல் அடிக்க டிப்போவுக்குள் போய்த்தான் திரும்பும். மனுஷனைப் பற்றிக் கோள் சொல்ல அந்த மனுஷனின் வண்டியிலேயே ஏறினார்கள்.

"என்ன, மூணு பேரும் சேலையெல்லாம் கட்டிக்கிட்டு?" என்றார் ராஜதுரை.

"கலியாணம்," என்றாள் சர்மிளா.

"காரியம்," என்றாள் பஞ்சவர்ணம் அதே நேரத்தில்.

லூர்தம்மா செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினாள். ராஜதுரை அதற்கு மேல் கேட்கவில்லை. லூர்தம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் பஸ்ஸை வடிகானோரம் ஒட்டி நிறுத்தி ஏற்றிக்கொண்டார். வழி முழுக்க சர்மிளாவுக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

டிப்போவுக்குப் பொறுப்பான மாத்தயா கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். தமிழ் அரைகுறையாக விளங்கும். சர்மிளா சிங்களத்தில் வெளுத்து வாங்குவாள், மற்ற இருவருக்கும் அதில் குறைச்சலில்லை. ஆகவே பேச்செல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது.

"மியனகந்த பஸ் டிரைவரப் பத்தி முறைப்பாடு," என்றாள் சர்மிளா.

மாத்தயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "விருது கிடைத்தவரா? அவரைப் பற்றியா?"

"நிறுத்தவே மாட்டாரு மாத்தயா," என்று பஞ்சவர்ணம் ஆரம்பித்தாள். "கையக் காட்டுனாலும் போய்க்கிட்டே இருப்பாரு."

"அதிசயமாக இருக்கிறதே. கண்ட கண்ட இடத்திலெல்லாம் நிறுத்துகிறார், டீசல் கூடுதலாகச் செலவாகிறது என்று நாங்கள்தான் அவரைப் பேசியிருக்கிறோம்."

"கோவக்காரரு," என்று சர்மிளா குறுக்கே விழுந்தாள். "புள்ளைங்கள வாய்க்கு வந்தபடி ஏசுவாரு."

"எதற்கு ஏசுகிறார்?"

"மிதிபலகையில நின்னுக்கிட்டு வந்தா ஏசுவாரு," என்றாள் பஞ்சவர்ணம் பெருமையாக. சர்மிளா மேசைக்கடியில் அவள் தொடையைக் கிள்ளினாள். கிள்ளு பிந்திவிட்டது.

மாத்தயா லூர்தம்மா பக்கம் திரும்பினார். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "நான் உண்மையத்தான் சொல்லுவேன். அவரு ஓட்டுறதுல எனக்குத் தூக்கம் வந்துருது மாத்தயா. தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரியே இருக்கும். போன மாசம் ஆஸ்பத்திரியில எறங்க வேண்டியவ தூங்கிப் போயிட்டேன்."

"பிறகு?"

"பொறகு என்ன? திரும்பி வரையில எழுப்பி, ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கிவிட்டு, கையப் புடிச்சு ரோட்டக் கடத்தி விட்டாரு."

மாத்தயா வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். அந்த நேரம் பார்த்து வாசலில் நிழலாடியது. ராஜதுரை, நனைந்த தலையோடு.

"டீச்சரம்மா, இங்கதான் இருக்கீங்கன்னு அப்லால் சொன்னான். மழ புடிச்சிருச்சு. பஸ்ஸ ஆபீஸ் வாசலுக்கே கொண்டாந்து நிறுத்திருக்கேன். அவசரமில்ல, உங்க காரியத்த முடிச்சுட்டு வாங்க, நாங்க நிக்கிறோம்."

சொல்லிவிட்டு மாத்தயாவுக்கு ஒரு கும்பிடு போட்டுத் திரும்பப் போனார்.

"நில்லும்," என்றார் மாத்தயா. பிறகு பெண்களைப் பார்த்தார். "நிறுத்தாத, நிற்காத டிரைவர் இவர்தானே? சரி. நீங்கள் முறைப்பாடு செய்தால் நான் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு முறைப்பாடு இருந்தாலும் விருது இல்லை. மேடையும் இல்லை, கொழும்பும் இல்லை. பதியட்டுமா?"

பஞ்சவர்ணம் சர்மிளாவைப் பார்த்தாள். சர்மிளா ராஜதுரையைப் பார்த்தாள். அவர் விளங்காமல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஈரச் சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. பதியச் சொன்னால் பஸ் மிஞ்சும். மகளின் படிப்பு மிஞ்சும். இந்த மனுஷனுக்கு வாழ்நாளில் ஒரு தடவை கிடைத்த மேடை போகும். ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. அழக்கூடாது என்று நினைத்தாள். அழுதுவிட்டாள்.

"வேணாம் மாத்தயா. நாங்க சொன்னதெல்லாம் பொய்."

"நான் சொன்னது பொய்யில்ல," என்றாள் லூர்தம்மா.

"சும்மா இருங்கக்கா! மாத்தயா, விருத அவருக்கே குடுங்க. கொழும்பு பஸ்ஸையும் குடுங்க, அவருக்குத் தகும். எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு செய்ங்க. அடுத்து வாறவர ஸ்டோரோட திரும்பிப் போக வேணாம்னு சொல்லுங்க. மேல நாங்க இருக்கோம். திரும்புறதுக்கு எடமும் வெட்டி வச்சிருக்கோம்."

ராஜதுரை மெதுவாகப் பக்கத்திலிருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போயிரக்கூடாதுன்னா இங்க வந்தீங்க?" என்று தமிழில் கேட்டார். "ஒரு கெழமையா பஸ்ஸுல ஒருத்தரும் என்கூடப் பேசல. சரி, போறவன் போகட்டும்னு விட்டுட்டீங்க போலன்னு நெனச்சேன். ரெண்டு நாளா சோறே எறங்கல."

"உங்க முகத்தப் பாத்தா அழுகை வந்துரும்னுதான் தம்பி பேசல," என்றாள் பஞ்சவர்ணம், மூக்கைச் சேலைத் தலைப்பில் சிந்திக்கொண்டு.

மாத்தயா பேனாவை மூடி வைத்தார். "ராஜதுரை, நீரே சொல்லும். கொழும்பு பஸ் வேண்டுமா, வேண்டாமா? புது வண்டி. நல்ல ரோட்டு."

ராஜதுரை சிரித்தார். கண் கலங்கியபடியே சிரித்தார். "மாத்தயா, கொழும்பு ரோட்டுல எத்தன பேரு ஏறுனாலும் எனக்காக இப்பிடி வந்து பொய் சொல்ல யாரு இருக்கா? நான் மியனகந்தைக்கே ஓடுறேன். தெஹியோவிட்டையில எம் பொஞ்சாதியும் கொழும்புப் பஸ்ஸுன்னா நான் வீடு தங்க மாட்டேன்னு சட்டி பானைய உருட்டிக்கிட்டுத்தான் இருக்கா."

"இத்தனை வருஷத்தில் டிரைவரை மாற்று என்று கேட்டு வந்தவர்கள்தான் அதிகம்," என்றார் மாத்தயா, எழுந்து நின்று. "போங்கள். விருது அவருக்குத்தான். ரோட்டும் அவருக்குத்தான். இனிமேல் பொய் சொல்வதாக இருந்தால் வரும்போதே பஸ்ஸில் பேசி ஒத்துப்போய்விட்டு வாருங்கள்."

திரும்பி ஏறும் பயணத்தில் மேற்பிரிவு பேசாமல் விட்ட ஒரு வாரப் பேச்சும் ஒரே மூச்சில் நடந்தது. அப்லாலுக்குக் கதையைச் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பில் டிக்கட் மெஷினைக் கீழே போட்டுவிட்டான். பாலத்தடியில் பஞ்சவர்ணம் வெற்றிலை வாங்க இறங்கினாள். ராஜதுரை பஸ்ஸைக் கொஞ்சம் நகர்த்தினார். "ஐயோ தம்பி!" என்று அவள் ஓடி வந்தாள். "நான்தான் நிக்கவே மாட்டேனேக்கா," என்றார் அவர். அவள் ஏறி வந்து அவர் தோளில் ஒரு அடி வைத்தாள்.

விருது நாள் ஒரு சனிக்கிழமை. மேற்பிரிவே ரத்தினபுரிக்குப் போக வேண்டும் என்றது. டிப்போ ஒரு பஸ் கொடுத்தது. அதை ஓட்ட அன்று வேறு டிரைவர் அகப்படவில்லை. ஆகவே ராஜதுரை தனக்கு விருது கொடுக்கும் இடத்துக்குத் தன் ஆட்களைத் தானே ஏற்றிக்கொண்டு போனார். மண்டபத்து வாசலில் எல்லோரையும் இறக்கி, பஸ்ஸை ஒதுக்கி நிறுத்தி, முகத்தைக் கழுவி, புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு மேடையேறினார். அவர் பெயரைச் சொன்னபோது மேற்பிரிவு எழுப்பிய சத்தத்தில் மேடையில் இருந்தவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கி, மறுபடி பழைய சட்டைக்கு மாறி, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் டிரைவர் மூலைக்கு வந்து சேர்ந்தார். கேடயம் இப்போது பஸ்ஸில் பிள்ளையாருக்கும் மாதாவுக்கும் நடுவில் இருக்கிறது. கண் படக்கூடாது என்று பஞ்சவர்ணம் அதன் மூலையில் ஒரு கரும்பொட்டு வைத்திருக்கிறாள்.

சுஜீதா ஏ.எல். எழுதி முடித்தாள். கம்பஸுக்குப் போகும் அளவுக்குப் பெறுபேறும் வந்தது. செய்தி வந்த அன்று ராஜதுரை பாலத்தடியிலிருந்து டிரைவர் மூலை வரைக்கும் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. சர்மிளா பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று, தூங்குகிற குழந்தைகளையெல்லாம் எழுப்பிவிட்டாரே என்று அவரைத் திட்டினாள். திட்டும்போது அவள் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது.

பிறகு ஒரு நாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு அதிகாரி தெரணியகலையில் ஏறினார். இந்த வருஷ விருதுக்கு அபிப்பிராயம் கேட்க வந்தவராம். பஸ் நிறைய ஆள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் கேட்டார்: "இந்த டிரைவர் எப்படி?"

சர்மிளா பஞ்சவர்ணத்தைப் பார்த்தாள். பஞ்சவர்ணம் எழுந்து நின்று, முந்தானையைச் செருகிக்கொண்டு, "நரகய் மாத்தயா!" என்றாள்.

"படு மோசம்!" என்றாள் சர்மிளா.

"மோசம்! மோசம்!" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின் சீட்டிலிருந்து கத்தினார்கள். இன்ஜின் மூடியைச் சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். அடுத்த ஞாயிறு பாவசங்கீர்த்தனத்துக்குப் பாதர் வருகிறார் என்ற தைரியத்தில் லூர்தம்மாவும் கத்தினாள். அதிகாரி திகைத்துப்போய் டிரைவரைப் பார்த்தார். ராஜதுரை கண்ணாடியில் எல்லோரையும் பார்த்து, வாய்கொள்ளாத சிரிப்போடு, ஸ்டோரைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தார்.